துணி குறுக்கே வந்த வழக்கு

டூரிங் சினிமாக் கொட்டகையில் திரைக்கும் தரை டிக்கெட்டின் முதல் வரிசைக்கும் நடுவில் குறிப்பிட்ட தூரம் காலியாக விடப்பட வேண்டும் என்பது விதி. பார்க்கிறவர்களின் கண்ணுக்குக் கெடுதல் வரக் கூடாது என்று விதி எழுதியவர் நினைத்திருப்பார். திரைக்குக் கெடுதல் வரலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கும் ஒரு பெண்ணின் கைவீச்சு எவ்வளவு தூரம் போகும் என்று விசாரித்து, அதற்கு மேல் இரண்டடி சேர்த்து எழுதியிருப்பார். நானும் திண்டிவனம் போயிருக்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற என் நண்பர்கள் எல்லோரும் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். ஒருவர் மகன் வீட்டில் தங்கி லண்டன் மழையைப் பற்றி எழுதினார். இன்னொருவர் சிங்கப்பூர் போய் அங்கே கிடைத்த இட்லியைப் பற்றி எழுதினார். என்னுடைய அயல்நாடு விழுப்புரத்திலிருந்து இருபத்து மூன்று மைல். தங்கியது இரண்டு இரவு. படிக்கிறவர்கள் ஏமாந்து போகாமல் இருக்க இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் விழுப்புரத்தில் துணைத் தாசில்தாராக இருந்தேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் ஒரு கிராமம். அதன் எல்லையில் ஒரு டூரிங் கொட்டகை. படம் ஓடிக்கொண்டிருந்தபோது வயல் வேலை முடிந்து நேரே வந்திருந்த அஞ்சலை என்ற பெண் கையிலிருந்த களைக்கொத்தை வீசித் திரையைக் கிழித்துவிட்டாள். கொட்டகைக்காரர் கையோடு மனு எழுதினார். மறுநாள் கொட்டகைக்கு முத்திரை வைத்தார்கள்.

விசாரிக்க வேண்டியவர் திண்டிவனத்துத் துணைத் தாசில்தார். ஆனால் சம்பவத்தன்று அவர் மனைவி மக்களோடு நாற்காலி டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தார். சாட்சியாகக்கூடியவர் விசாரணை அதிகாரியாக முடியாது. பக்கத்துத் தாலுகாவில் சினிமாவே பார்க்காதவர் யார் என்று மேலிடத்தில் தேடியிருக்கிறார்கள். என் பெயர் உடனே கிடைத்திருக்கிறது.

பார்க்காததற்குக் காரணம் கொள்கை எதுவும் இல்லை. நடக்காத ஒன்றுக்காகக் கண்ணீர் விடுவது, தேதியும் கையெழுத்தும் இல்லாத மனுவின் மேல் உத்தரவு போடுவது போன்ற காரியம் என்று நினைத்தேன். என் மனைவி வாரம் ஒரு படம் பார்ப்பவள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் ரசம் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே தயாராகிவிடும்.

எனக்கு வந்த உத்தரவு சுருக்கமானது. இரண்டில் ஒரு முடிவு எழுத வேண்டும். ஒன்று, பார்க்க வந்தவர்கள் கட்டுக்கடங்காதவர்கள்; அப்படியானால் கொட்டகையின் உரிமம் ரத்து. அல்லது, அந்தப் பெண் தெரிந்தே சேதம் செய்தாள். அப்படியானால் அவள் மேல் வழக்கு. மூன்றாவதற்கு அதில் இடம் இல்லை.

திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் ஏறினேன். விழுப்புரம் ஜங்ஷனில் யாரும் ஊருக்கு வருவதில்லை; எல்லோரும் வேறு ஊருக்குப் போகும் வழியில் காபி குடிப்பவர்கள். அதனால் காபி சூடாகவும் பேச்சு ஆறிப்போயும் இருக்கும். வண்டி முண்டியம்பாக்கம் தாண்டி, விக்கிரவாண்டி தாண்டி, பேரணியில் நின்றுவிட்டது. எதிரே எக்ஸ்பிரஸ் வருகிறதாம். முக்கால் மணி நேரம் வரவில்லை. எதிர் பெஞ்சில் இரண்டு பெண்கள் வறுத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டு பேசினார்கள்.

"அஞ்சலைய புடிச்சிக்கினு போயிடுவாங்களாக்கா?"

"விழுப்புரத்துலேர்ந்து ஒரு ஆபீசரு வர்றாராம். பொல்லாத ஆளாம். சிரிக்கவே மாட்டாராம்."

"பொண்டாட்டி பாவம்."

நான் ஜன்னல் வழியாகப் பேரணி ஸ்டேஷனின் வேப்பமரத்தைக் கவனித்தேன். தொல்லையில்லாத மரம்.

திண்டிவனத்தில் இறங்கியதும் காசிம் பாயின் ஜட்காவை வைத்துக்கொண்டேன். அறுபது வயதிருக்கும். குதிரைக்கும் ஏறக்குறைய அதே அனுபவம் இருந்தது. முதலில் டிராவலர்ஸ் பங்களாவுக்குப் போகச் சொன்னேன். சாலை பிரியும் இடத்தில் குதிரை தன்பாட்டில் கிழக்கே திரும்பிற்று. காசிம் பாய் கடிவாளத்தை இழுத்தார். குதிரை நின்றது. பிறகு எந்தப் பக்கமும் போக மறுத்தது.

"என்ன பாய், என்ன ஆயிற்று?"

"ஒண்ணும் இல்ல சார். தெனம் சாயங்காலம் இங்கேர்ந்து கொட்டாய்க்குத்தான் சவாரி. அதுக்குப் பழக்கம். கொட்டாய மூடிட்டாங்கன்னு யாரு அதுக்குச் சொல்றது? ஒரே பேஜாரு."

"உமக்கும் கேஸ் தெரியுமா?"

"தெரியுமாவா? நான் மொத ஆளா மணல கூட்டிக் குந்திக்கினு இருந்தேன் சார். கெணத்தாண்ட வந்துட்டான் அந்தப் பாவி. நம்ம கை காலெல்லாம் வெடவெடன்னு..." என்றவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்கதான் அந்த ஆபீசரா?"

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் குதிரையிடம் மட்டுமே பேசினார்.

கடைசியில் குதிரையின் விருப்பப்படியே முதலில் கொட்டகைக்குப் போனோம். கொட்டகைக்காரர் கோவிந்தசாமி வாசலிலேயே காத்திருந்தார். பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அது. கைகூப்பிய அந்த மனிதரின் கண்ணில் தூக்கம் இல்லை.

"ஐயா, கோவத்துல எழுதிட்டேங்க. மனுவ வாபஸ் வாங்கிக்கிறேங்க."

"பதிவான மனுவை விசாரணை முடியாமல் திருப்பித் தர முடியாது."

"அஞ்சல நம்ம பொண்ணு மாதிரிங்க. வாரம் ரெண்டு தபா வர்றவ. அவ மேல கேஸு வேணாங்க."

"அப்படியானால் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை என்று எழுதவா? உரிமம் போய்விடும்."

அவர் கூப்பிய கையை எடுக்கவில்லை. "ரெண்டும் வேணாங்க" என்றார். அலுவலகத்தில் என்னிடம் வழி கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் இந்த மூன்றாவது வழியைத்தான் கேட்கிறார்கள்.

முத்திரையைத் தற்காலிகமாக நீக்கி உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. முத்திரை விழுவதற்கு முன்பே தையற்காரர் ஒருவர் வெள்ளை நூலால் மிக நேர்த்தியாகத் தைத்திருந்தார். தடயத்தைத் தைத்தது யார் என்று கேட்டேன். "வேட்டி கிழிஞ்சா தைக்க மாட்டமாங்க?" என்றார் கோவிந்தசாமி.

அன்று சாப்பாடு பங்களாவில். காவலாளி கேப்பைக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து வைத்தார். எங்கள் வீட்டில் களி என்றால் மார்கழியில் ஒருநாள் செய்யும் இனிப்பு. இது வேறு ஜாதி. மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று காவலாளி எச்சரித்தார். நான் மென்றேன். மறுநாள் காலை வரை அதன் விளைவு நீடித்தது.

செவ்வாய்க்கிழமை கொட்டகைக்குள்ளேயே மேஜை போட்டு வாக்குமூலம் எடுத்தேன். கீற்று வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக மணலில் விழுந்தது. நடைமுறை எனக்குத் தலைகீழ்ப் பாடம். சாட்சியின் பெயர், தகப்பனார் பெயர், தொழில். பிறகு ஒரே கேள்வி: என்ன நடந்தது?

முதல் சாட்சி காசிம் பாய்.

"என்ன நடந்தது?"

"அண்ணன் செத்துட்டான் சார். அண்ணி கைல கொழந்த. சொத்து பூரா அவ பேர்ல. இந்தத் தம்பிக்காரன் இன்னா பண்ணான், பத்திரம் எழுதிக்கினு வந்து கைநாட்டு வையின்றான். அவ வெக்கல. மூணு நாளு சோறு போடாம ரூம்புல போட்டு வெச்சான். அப்பவும் வெக்கல."

"பாய், நான் கேட்டது கொட்டகையில் நடந்ததை."

"அதான் சார் சொல்றேன். கொட்டாய்லதான் நடந்துது."

நான் அதையும் எழுதிக்கொண்டேன். சாட்சி சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது விதி.

அன்று மத்தியானத்துக்குள் பதினோரு பேரிடம் வாக்குமூலம் எடுத்தேன். பதினோரு பேரும் இறந்துபோன அண்ணனில் ஆரம்பித்தார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டால், "கெணத்தாண்ட இழுத்துக்கினு வந்த நேரம்ங்க" என்றார்கள். தாக்கப்பட்டவர் யார் என்ற கேள்விக்கு, "அந்தப் பாவிதாங்க" என்றார்கள். என் பணிக்காலத்தில் வரப்புத் தகராறு முதல் கொலை வரை எத்தனையோ வாக்குமூலம் எடுத்திருக்கிறேன். இரண்டு சாட்சிகள் ஒரே மாட்டுக்கு ஒரே நிறம் சொன்னதில்லை. முரண்பாடு துளியும் இல்லாமல் பதினோரு பேர் சாட்சி சொன்னது, என்றுமே நடக்காத ஒரு காரியத்தைப் பற்றித்தான்.

ஐந்தாவது சாட்சியிடம் நான் கேட்ட கேள்வி வாக்குமூலத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருந்ததா? ஏழாவது சாட்சியிடம்: குழந்தை அப்போது எங்கே இருந்தது? ஒன்பதாவது சாட்சியிடம்: வேலைக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லையா? இந்தக் கேள்விகளுக்கும் கிழிந்த துணிக்கும் என்ன சம்பந்தம் என்று எந்த மேலதிகாரியும் கேட்பார். பேனாவில் மை காய்ந்துபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். கிணற்றடி. அவன் அவளைத் தள்ளக் கையை ஓங்குகிறான். களைக்கொத்து பறக்கிறது. திரை கிழிகிறது. மெஷின் நிற்கிறது.

"அதற்குப் பிறகு?" என்றேன்.

"அதுக்கப்புறம் கொட்டாய மூடிட்டாங்கங்க" என்றார் பதினோராவது சாட்சி, நானே மூடியதுபோல என்னைப் பார்த்து. படப்பெட்டி மெட்ராஸுக்குத் திரும்பிப் போய்விட்டது. அந்த ஊரில் ஒருவருக்கும் முடிவு தெரியாது.

நாற்காலி டிக்கெட்டில் இருந்த என் சக அதிகாரியும் திண்டிவனம் கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டு, "சார், விசாரணையில் ஏதாவது தெரிந்ததா?" என்று தணிந்த குரலில் கேட்டார். வழக்கைப் பற்றி என்று நினைத்துப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பொறுமையிழந்து, "அதில்லை சார், அந்தப் பெண் பிழைத்தாளா?" என்றார்.

அஞ்சலை மூன்று மணிக்கு வந்தாள். மல்லாட்டைக் கொல்லையிலிருந்து நேரே வந்திருந்தாள், நகக்கண்ணில் செம்மண். நாற்பது வயதுக்குள் இருக்கும். கோவிந்தசாமியும் காசிம் பாயும் பின்னால் நின்றார்கள். அவள் பயப்படவில்லை. கோபமாக இருந்தாள்.

"திரையைக் கிழித்தது நீதானே?"

"நான் துணிய கிழிக்கலீங்க. துணி எனக்கு எதுக்கு? அவன அடிச்சேன். துணி குறுக்க வந்துடுச்சு."

பின்னால் ஒரு சலசலப்பு எழுந்தது. பதில் சரியானதுதான் என்பது போன்ற சலசலப்பு.

"எதற்காக அடித்தாய்?"

"எதுக்கா? ஒரு பொம்பளைய கெணத்துல தள்றான். இத்தினி ஆம்பளைங்க குந்திக்கினு மல்லாட்ட உரிச்சித் தின்னுக்கினு வேடிக்க பாக்குறானுங்க. ஒருத்தன் எழுந்திரிக்கல. இதோ நிக்கிறாரே பாய், இவரு அழுதாரு. அழுது இன்னா பிரயோஜனம்?"

காசிம் பாய் கோவிந்தசாமியின் பின்னால் நகர்ந்துகொண்டார்.

அடுத்த கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. அவள் உண்மை என்று நம்பி வீசியிருந்தால், தண்டனைச் சட்டத்தில் பொது விலக்குகள் என்றொரு அத்தியாயம் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தவறாக நம்பி, இன்னொருவர் உயிரைக் காக்கச் செய்தது குற்றமில்லை. தெரியாது என்ற ஒரு வார்த்தை போதும். நான் நிறுத்தி, நிதானமாகக் கேட்டேன். தெரியாது என்று சொல்வதற்கு வேண்டிய அவகாசத்தை எல்லாம் கொடுத்துக் கேட்டேன்.

"அது படம் என்று உனக்குத் தெரியாது, இல்லையா?"

"ஏன் தெரியாது? தெரியும்."

"படம் என்று தெரிந்தும் அடித்தாயா?"

"நீங்க காலைல எழுந்து சாமி படத்தக் கும்புடுறீங்க இல்ல? காயிதம்னு தெரியாமலா கும்புடுறீங்க?"

நான் தினமும் கும்பிடுகிறவன். நெற்றியில் விபூதி இருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'தெரியும்' என்று எழுதினேன். எழுதாமல் விட என்னால் முடியவில்லை. அந்த ஒரு வார்த்தையில் அவள் சிறைக்குப் போகலாம் என்று எனக்குத் தெரியும். அறுவடை நேரம், வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்தி என்று கோவிந்தசாமி சொல்லியிருந்தார். வாக்குமூலம் முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். சரியென்றால் கீழே கைநாட்டு வைக்க வேண்டும். மைப் பெட்டியைத் திறந்து வைத்து, காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

"கைநாட்டு மட்டும் வெக்க மாட்டேன்."

"நீ சொன்னதைத்தானே எழுதியிருக்கிறேன்?"

"அவனும் அப்பிடித்தான் சொன்னான். படிச்சிக் காட்டினான். நல்லதுக்குத்தான்னான். மூணு நாளு சோறில்லாம கெடந்து அந்தப் பொம்பளையே வெக்கல. நான் மட்டும் வெச்சிடுவனா?"

"அஞ்சலை, நான் அவன் இல்லை. நான் அரசாங்க அதிகாரி."

"அவனும் மூக்குக் கண்ணாடிதான் போட்டுக்கினு இருந்தான்" என்றாள்.

கோவிந்தசாமி கெஞ்சினார். "ஐயா ரொம்ப நல்லவரும்மா. ஜல்தியா வெச்சிட்டுப் போ." அவரையும் அவள் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் அவரும் படத்தில் அந்தப் பாவியின் ஆளாகிவிட்டார். கிளம்புவதற்கு முன் என்னிடம் திரும்பினாள். குரல் தணிந்திருந்தது.

"நீங்க படிச்சவரு. மேல ஆபீசுல கேட்டுச் சொல்லுங்க. அந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு?"

புதன்கிழமை பாசஞ்சர் எங்கும் தாமதிக்காமல் வந்தது. எனக்குத்தான் பாதை தெரியவில்லை. விக்கிரவாண்டி வயல்களில் ஒரு கிணற்றைக் கண்டால் அது கண்ணை விட்டு மறையும் வரை திரும்பிப் பார்த்தேன். கைநாட்டு இல்லாத வாக்குமூலத்தை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். 'வைக்க மறுத்தார்' என்று அடியில் குறிப்பெழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, அனுப்ப வேண்டும். வழக்குக்கு அது போதும். இளைய குமாஸ்தாக்களுக்கு நானே பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

விழுப்புரம் வந்ததும் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் இரண்டு கேள்விகள். ஒன்று, கைநாட்டு வைக்க மறுக்கப்பட்ட வாக்குமூலத்தின் மேல் எப்படி நடவடிக்கை எடுப்பது என்று இந்த அலுவலகத்துக்குத் தெரியவில்லை, தெளிவுபடுத்த வேண்டும். இரண்டு, வாக்குமூலம் கொடுத்தவரின் கோரிக்கை எதுவானாலும் மேலே அனுப்பப்பட வேண்டும் என்பதால் இதையும் அனுப்புகிறேன்: சம்பவத்தில் சம்பந்தப்பட்ட பெண்மணியின் கதி என்ன என்று தெரிவிக்க வேண்டும்.

தெரியவில்லை என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம் என் பணிக்காலத்தில் அது ஒன்றுதான். தட்டச்சு செய்த குமாஸ்தா அந்த வரியில் பிழை இருப்பதாக நினைத்து இரண்டு முறை திருப்பிக் கொண்டுவந்தார்.

கேள்வி நிலுவையில் இருக்கும்போது முடிவு எழுத முடியாது. முடிவு எழுதாவிட்டால் தற்காலிக மூடல் குறித்த நாளோடு தானாகவே காலாவதியாகிவிடும். கொட்டகை திறந்தது. தைத்த திரையிலேயே வேறு படம் ஓடிற்று. முத்திரையை எடுத்த அன்று குதிரை பந்தயக் குதிரை மாதிரி ஓடிற்று என்று காசிம் பாய் யாரிடமோ சொல்லி அனுப்பினார். ஆனால் அஞ்சலையின் வழக்கு உயிரோடுதான் இருந்தது. பதில் எந்தத் தபாலிலும் வரலாம். வந்தால் அவளைக் கூப்பிட வேண்டும். தபால் பையை அவிழ்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் களி உட்கார்ந்தது.

இதற்கிடையில் அந்தப் படம் விழுப்புரத்துக்கு வந்தது. மனைவி போய்விட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அந்தப் பெண்ணுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தப் பெண்ணுக்கு?"

நிலுவையில் உள்ள கோப்பைப் பற்றி வெளியாரிடம் தகவல் பெறக் கூடாது. "ஒன்றும் இல்லை" என்றேன். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "உங்களுக்குத் தோணினா நாளைக்கும் இருக்கு, போய்ப் பாருங்க" என்றாள். நான் போகவில்லை. அதைவிடக் கடினமான எதையும் நான் பணியில் செய்ததில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை தபாலில் பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: 'முதல் கேள்வி பரிசீலனையில் உள்ளது. அது முடியும் வரை மேல் நடவடிக்கை வேண்டாம். இரண்டாவது கேள்வி: மேற்படி பெண்மணி கிணற்றில் தள்ளப்படவில்லை. ஓங்கிய கை கீழே இறங்குவதற்குள் அவன் தடுமாறி விழுந்துவிட்டான். காரணம் காட்டப்படவில்லை. பெண்மணியும் குழந்தையும் நலம்.'

கீழே கையெழுத்து தெளிவாக இல்லை. ஆனால் அதை எழுதியவர் படத்தை ஒரு தடவைக்கு மேல் பார்த்தவர்.

பரிசீலனையில் உள்ளது என்றால் என்ன பொருள் என்று எங்கள் இலாகாவில் எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கு இனி எழுந்திருக்காது. தபாலில் அனுப்பியிருக்கலாம்; ஆனால் பதிலின் நகலை வாக்குமூலம் கொடுத்தவருக்கு நேரில் சார்வு செய்ய, அதாவது கையில் கொடுக்க, வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாக எனக்கு நினைவு வந்தது. மத்தியானப் பாசஞ்சரைப் பிடித்தேன்.

அஞ்சலை கொல்லையில் இருந்தாள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள் பிடுங்கிய செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நின்றபடியே கடிதத்தைப் படித்துத் தமிழில் சொன்னேன். வழக்கு இல்லை என்ற முதல் பகுதியை அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. இரண்டாவது பகுதியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஓங்கிய கை இறங்குவதற்குள் அவன் விழுந்துவிட்டான். காரணம் காட்டப்படவில்லை.

அவள் நிமிர்ந்து மற்ற பெண்களைப் பார்த்தாள்.

"கேட்டீங்களாடி? குறி தப்பல."

தப்பு என்று திருத்துவது என் தொழில். நான் திருத்தவில்லை. சார்வு செய்ததற்கு அடையாளமாக நகலின் மேல் அவள் கைநாட்டு வேண்டும்; அதைக் கேட்கவும் இல்லை. 'பெண்மணியும் குழந்தையும் நலம்' என்ற வரிக்குக் கீழே நானே கையெழுத்தும் போட்டுத் தேதியும் எழுதினேன்.